டான்சில் முடிந்து ட்யூபை எடுத்ததும் குரல்வளை இறுகிவிட்டது. நான் எங்கே தவறினேன்?

இரண்டாமாண்டு_பிஜி | செவ்வாய், இரவு 11.42

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். எழுதுவது முதல் முறை. மயக்கவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

போன வாரம் ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு டான்சிலும் அடினாய்டும் எடுத்தார்கள். எடை 16 கிலோ. ஆபரேஷன் சிக்கல் இல்லாமல் முடிந்தது. சர்ஜன் கையுறையைக் கழற்றிவிட்டு நோட்ஸ் எழுதப் போய்விட்டார். அடுத்த கேஸை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். குழந்தை இருமினாள், ஒரு கையை ஆட்டினாள். மானிட்டரில் மயக்க வாயு சீவோ 0.5 என்று குறைவாகக் காட்டியது. எழுந்துவிட்டாள் என்று நினைத்து வாயைச் சக்‌ஷன் செய்து மூச்சுக்குழாய்க்குள் போட்டிருந்த ட்யூபை எடுத்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை என்பது இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

முதலில் ஒரு கீச்சுச் சத்தம். அடுத்த சில நொடிகளில் அதுவும் நின்றது. நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறது, வயிறு மேலே எழும்புகிறது, மூச்சுப் பை (பேக்) அசையவில்லை, வெளிமூச்சைக் காட்டும் கேப்னோ கோடு தட்டையாகப் போகிறது. நான் பேக்கை இன்னும் பலமாக அழுத்தினேன். வயிறுதான் உப்பியது. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 99 இலிருந்து 80, பிறகு 52. இதயத் துடிப்பு 140 இலிருந்து 70. மயக்க மருந்து ப்ரோபோஃபால் போடப் பார்த்தால், அவள் உதறியதில் ஐ.வி. கழன்று போயிருந்தது.

பக்கத்துத் தியேட்டரிலிருந்து சீனியர் ஓடி வந்தார். இரண்டு காதுக்கும் பின்னால் அழுத்தித் தாடையைத் தூக்கிப் பிடித்தார். "ஸ்கோலின் தொடையில் போடு" என்றார், தசைகளைத் தளர்த்தும் ஊசி மருந்து அது. ஒரு நிமிடம் ஆகியிருக்குமா தெரியவில்லை, பேக் அசைந்தது. மறுபடியும் ட்யூப் போட்டு, அரை மணி நேரம் வைத்திருந்து, நன்றாகக் கண் திறந்து அழுத பிறகு எடுத்தோம். குழந்தை நலம். மறுநாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு நாளா சளிம்மா. சொன்னா மறுபடி தேதி தள்ளிடுவீங்கன்னு பயந்து சொல்லல." ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போன கேஸ்.

அப்போதிருந்து ட்யூப் எடுக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது. ஆழ்ந்த மயக்கத்திலேயே எடுத்திருக்க வேண்டுமா? ஸ்கோலினை முன்பே கேட்டிருக்க வேண்டுமா? அந்தக் கேஸை எடுத்ததே தவறா? திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

பாயில்ஸ்_தாத்தா | புதன், காலை 5.20

திட்ட ஒன்றுமில்லை அம்மா. குழந்தை வீட்டுக்குப் போய்விட்டாள், அதை முதலில் மனதில் வைத்துக்கொள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் எவருக்கும் இது ஒருநாள் வரும். எனக்கு வந்தபோது பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிடையாது. அதன் தத்துவத்தை ஜப்பானில் அயோகி 1974 இலேயே கண்டுபிடித்துவிட்டார், எங்கள் தியேட்டருக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. நெஞ்சின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை ஒட்டி, ஒரு காதில் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூச்சுச் சத்தம் நின்றதா என்பது காதுக்குத் தெரியும். உதட்டின் நிறம் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் சர்ஜன் "ரத்தம் கறுப்பா வருதே சார்" என்பார். அவர் சொல்லித் தெரிந்தால் நாம் தாமதம் என்று பொருள்.

நீ எழுதியதில் முக்கியமான வரி, கீச்சுச் சத்தம் நின்றது என்பது. கீச்சென்று கேட்டால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போகிறது. நின்றுவிட்டால் குரல் நாண்கள் முழுக்க மூடிக்கொண்டன. அனுபவம் இல்லாதவர்களுக்குச் சத்தம் பயமாக இருக்கும், அமைதி நிம்மதியாக இருக்கும். நடப்பது நேர்மாறு.

இரண்டாவது, பேக்கைப் பலமாக அழுத்தியது. எல்லோருக்கும் கை தானாக அங்கேதான் போகும். மூடிய கதவை எவ்வளவு இடித்தாலும் காற்று உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குத்தான் போகும். வயிறு உப்பினால் நுரையீரலுக்கு இடம் குறையும், வாந்தியும் வரலாம். செய்ய வேண்டியது: இரண்டு கையாலும் மாஸ்க்கைச் சந்து இல்லாமல் பிடித்து, நூறு சதவீத ஆக்சிஜனை விட்டு, வால்வை மூடி மிதமான அழுத்தத்தை விடாமல் வைத்திருப்பது. பேக்கை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நாண்கள் ஒரு கணம் விலகினாலும் ஆக்சிஜன் உள்ளே போகத் தயாராக நிற்க வேண்டும்.

உன் சீனியர் காதுக்குப் பின்னால் அழுத்தினாரே, அதற்கு லார்சன் முறை என்று பெயர். 1998 இல் அவர் ஒரு சிறு கடிதமாக எழுதினார். காது மடலுக்குப் பின்னே ஒரு குழி இருக்கிறது. முன்னால் தாடை எலும்பு, பின்னால் காதுப் புடைப்பு, மேலே மண்டையின் அடி. இரண்டு பக்கமும் நடுவிரலை அந்தக் குழியின் உச்சியில் வைத்து உள்நோக்கி அழுத்தி, தாடையை முன்னால் தூக்கு. வலி நன்றாகத் தெரிய வேண்டும். இப்போதே உன் காதுக்குப் பின்னால் அழுத்திப் பார். கண்ணில் நீர் வந்தால் சரியான இடம்.

சின்னமூச்சு | புதன், காலை 8.05

கோவையில் குழந்தைகளுக்கு மட்டுமே மயக்கம் கொடுக்கிறேன், பதினான்கு வருடமாக. தாத்தா சார் சொன்னதோடு கொஞ்சம் கணக்கையும் சேர்க்கிறேன்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 3 முதல் 4 மி.லி. ஆக்சிஜன் செலவாகும். குழந்தைகளுக்கு ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. கையிருப்போ குறைவு. அதனால் பெரியவர்களிடம் நமக்குக் கிடைக்கும் அவகாசம் இவர்களிடம் கிடையாது. இன்னொன்று, விரலில் மாட்டிய ப்ரோப் அரை நிமிடம் பின்தங்கித்தான் சொல்லும். மானிட்டரில் 80 என்று பார்க்கும்போது உள்ளே அதைவிடக் கீழே போயிருக்கும். மூச்சு திறந்த பிறகும் எண் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பதறி, சரியாகச் செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து. ஐ.வி. இருந்தால் முதலில் ப்ரோபோஃபால், கிலோவுக்கு அரை முதல் 1 மி.கி. உங்கள் குழந்தைக்கு 8 முதல் 16 மி.கி., அதாவது 1.6 மி.லி.க்குள். சாச்சுரேஷன் இன்னும் தாங்கும்போது பாதிப் பேருக்கு மேல் இதிலேயே விட்டுவிடும் என்பது என் அனுபவம். விடவில்லை என்றாலோ, எண் சரிந்துகொண்டிருந்தாலோ ஸ்கோலின் கிலோவுக்கு 1 மி.கி. ஐ.வி. இல்லை என்றால் தசையில் கிலோவுக்கு 4 மி.கி. பதினாறு கிலோவுக்கு 64 மி.கி. நம் குப்பியில் மி.லி.க்கு 50 மி.கி. என்பதால், கலக்காமல் சுமார் 1.3 மி.லி. முழுத் தளர்வு வர மூன்று நான்கு நிமிடம் ஆகலாம், ஆனால் குரல்வளை அதற்கு வெகு முன்பே விடும். கூடவே துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், இவளுக்கு அரை ஆம்பூல். துடிப்பு 70 க்கு வந்தது ஆக்சிஜன் இல்லாததால். அட்ரோபின் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியடையாமல் மூச்சைத் திறப்பதில்தான் கண் இருக்க வேண்டும்.

ஆண் குழந்தைகளில் வெளியே தெரியாத தசைநோய் இருந்தால் ஸ்கோலின் ஆபத்து என்று படித்திருப்பீர்கள். அதனால்தான் குழந்தைகளுக்கு அதை வழக்கமாகப் போடுவதில்லை. ஆனால் இறுகிப்போன குரல்வளைக்கு முன்னால் அந்தத் தயக்கம் வேண்டாம்.

ஆழமாக எடுப்பதா, விழித்த பின் எடுப்பதா? என் கூடப் படித்தவர்கள் இதில் சண்டையே போடுவார்கள். ஆழமாக எடுத்தால் இருமல் குறைவு, நாக்கு பின்னால் விழுந்து அடைப்பது அதிகம். விழித்த பின் எடுத்தால் இருமல் அதிகம், ஆனால் தொண்டை தன்னைத்தானே காத்துக்கொள்ளும். இரண்டும் சரிதான். உங்களுடையது இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. இருமலும் கை ஆட்டலும் விழிப்பு ஆகாது. கண் திறக்க வேண்டும், முகத்தைச் சுளிக்க வேண்டும், ட்யூபை நோக்கிக் கை போக வேண்டும், மூச்சு சீராக இருக்க வேண்டும். டான்சிலுக்கு நான் செய்வது இது: ஆழமாக இருக்கும்போதே சக்‌ஷனை முடித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயுவை நிறுத்திய பிறகு யாரும் தொடக் கூடாது. தட்டுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இன்னொரு முறை சக்‌ஷன் போட்டுப் பார்ப்பது எதுவும் கிடையாது. தானாகக் கண் திறக்கும்வரை காத்திருந்து, நுரையீரலை ஒரு முறை நிரப்பி, அந்த அழுத்தத்தோடு ட்யூபை எடுப்பேன். வெளியே வரும் காற்று நாண்களின் மேல் இருக்கும் எச்சிலையும் தள்ளிக்கொண்டு வரும்.

தொண்டைக்காரன் | புதன், மதியம் 1.30

காது மூக்கு தொண்டை சர்ஜன். இந்தக் கதையில் என் இனத்தான் ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார், எனவே நானும் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும்.

அடினாய்டு எடுத்த இடத்திலிருந்து வடியும் ரத்தம் மேலண்ணத்துக்குப் பின்னால் தேங்கி உறையும். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. தலையை நிமிர்த்தியதும் அது நழுவி நேராகக் குரல்வளையில் விழும். பழைய ஆட்கள் இதைக் கரோனர்ஸ் க்ளாட் என்பார்கள். சாவு விசாரணை அதிகாரி வந்துதான் கண்டுபிடிப்பார் என்ற கசப்பான நகைச்சுவை. கழுத்தைக் கொஞ்சம் மடக்கி, அண்ணத்துக்குப் பின்னால் சக்‌ஷன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் வாய்க் கருவியை எடுப்பேன். தொண்டையில் துணி அடைத்து வைத்திருந்தால் அதை எடுத்தாயிற்று என்று சத்தமாகச் சொல்லி, போர்டிலும் அழிக்க வேண்டும். மறந்துபோன துணி ஒன்று தொண்டையில் கிடந்து, எல்லோரும் ஸ்பாஸம் (குரல்வளை இறுக்கம்) ஸ்பாஸம் என்று ஓடியதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஊரையும் ஆளையும் விட்டுவிடுவோம்.

அடுத்த கேஸ் வெளியே நிற்கிறது என்பதற்காக அவசரப்படுத்துவது எங்கள் பழக்கம். அதை மறுக்கவில்லை. இப்போது குழந்தை அழும்வரை நான் தியேட்டரை விட்டு நகர்வதில்லை. சும்மா நின்றாலும் போதும், தாடை பிடிக்க ஒரு கை கூடுதல்.

இரண்டாமாண்டு_பிஜி | புதன், இரவு 10.15

அனைவருக்கும் நன்றி. தாத்தா சார், காதுக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தேன். நிஜமாகவே கண்ணில் நீர் வந்தது.

சின்னமூச்சு மேடம், அந்த "நடுவே" என்ற சொல்லைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே, கன்னத்தைத் தட்டிக்கொண்டே, கடைசியாக ஒருமுறை சக்‌ஷன் போட்டேன். அதற்கு அடுத்த மூச்சில்தான் ட்யூபை எடுத்தேன்.

சளி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. காலையில் நான் கேட்டேன், "சளி, காய்ச்சல் இருக்கா?" அம்மா இல்லை என்றார். நெஞ்சில் வைத்துக் கேட்டேன், சுத்தமாக இருந்தது.

பீஸ்ரேட்_அப்பா | வியாழன், காலை 6.50

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். என் சின்னவனுக்கு அடுத்த மாதம் டான்சில் ஆபரேஷன், அதைப் பற்றித் தேடியபோது இந்த இழை வந்தது. நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும்.

அந்த அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பெரியவனுக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனபோது நாங்களும் அதையேதான் செய்தோம். முதல் முறை சளி என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறையும் சளி. ஒவ்வொரு முறையும் எனக்கும் மனைவிக்கும் மூன்று நாள் கூலி போகும், பஸ் செலவு தனி, வீட்டில் பாட்டியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மூன்றாம் முறை விடிகாலையிலேயே மூக்கு ஒழுகியது. துடைத்துவிட்டு, சிரப் கொடுத்துக் கூட்டிப்போனோம். கேட்டபோது இல்லை என்றோம். பாட்டி வேறு, பையன் அழுகிறான் என்று ஆறு மணிக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்திருக்கிறார், அதையும் சொல்லவில்லை. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. இதைப் படித்த பிறகு நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. சளி இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஏன் கேட்கிறோம் என்று ஒருவராவது சொன்னீர்களா? ஏதோ விண்ணப்பத்தில் கட்டம் நிரப்புவது போலக் கேட்டால், நாங்களும் கட்டம் நிரப்புவது போலத்தான் பதில் சொல்வோம்.

சின்னமூச்சு | வியாழன், காலை 9.10

அண்ணா, நீங்கள் நடுவில் நுழையவில்லை. இந்த இழையில் இருக்க வேண்டிய ஆளே நீங்கள்தான்.

காரணம் இது. சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாய் புண்பட்ட தோல் மாதிரி. லேசாகத் தொட்டாலும் சுருங்கும், மூக்கு நின்ற பிறகும் சில வாரம் அப்படியே இருக்கும். ஸ்வீடனில் 1984 இல் ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரத்துக்கு சுமார் 17 பேருக்குக் குரல்வளை இறுகியது. சளித் தொற்று இருந்த பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 96 பேருக்கு. வீட்டில் யாராவது புகைபிடித்தாலும் ஆபத்து கூடும்.

சளி என்று சொன்னாலே தள்ளிவிடுவோம் என்று நினைக்கிறீர்களே, அது எங்கள் தவறு. காய்ச்சல் இல்லை, தண்ணியாக மூக்கு ஒழுகுகிறது, பையன் ஓடியாடி விளையாடுகிறான் என்றால் நான் பெரும்பாலும் தள்ளுவதில்லை. ஆனால் செய்யும் விதத்தை மாற்றுவேன். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் பஃப் முன்கூட்டியே கொடுப்பேன். ஆஸ்திரேலியாவில் டான்சில் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2019 இல் வெளியிட்டார்கள்: மூச்சுச் சிக்கல்கள் ஏறக்குறைய 48 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்கு இறங்கின. பி.ஜி. கையில் விடாமல் நானே ட்யூபை எடுப்பேன். ஸ்கோலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்கும். காய்ச்சல், மஞ்சள் சளி, நெஞ்சில் சத்தம், பிள்ளை சோர்ந்து கிடக்கிறான் என்றால்தான் தள்ளுவேன், குறைந்தது இரண்டு வாரம். நீங்கள் மறைத்தால் இந்த முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் போய்விடும்.

பிஸ்கட்டுக்கும் இதே கதைதான். அது வயிற்றில் இருந்து மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் இறுக்கத்தைவிட மோசம். தண்ணீர் இரண்டு மணி நேரம், தாய்ப்பால் நான்கு, மற்றதெல்லாம் ஆறு. பாட்டியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பி.ஜி.க்கு: "சளி இருக்கா" என்று கேட்டால் பதில் எப்போதும் இல்லைதான். "கடைசியா எப்ப மூக்கு ஒழுகுச்சு? போன வாரம் ஸ்கூலுக்கு லீவு போட்டாளா? ராத்திரி இருமினாளா? சொன்னா உடனே தள்ள மாட்டோம், ஆனா எங்களுக்குத் தெரியணும்" என்று கேளுங்கள். குழந்தையிடமும் கேளுங்கள். ஐந்து வயதுக்கு மறைக்கத் தெரியாது.

தியேட்டர்_சிஸ்டர் | வியாழன், இரவு 9.40

டாக்டர்கள் பேசும் இடத்தில் நான் பேசலாமா தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் தியேட்டரில் இருக்கிறேன்.

ஸ்கோலின் பிரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பிரிட்ஜ் ரிகவரி அறைக்கு அந்தப் பக்கம். சாவி இன்சார்ஜ் சிஸ்டரிடம். டாக்டர் "ஸ்கோலின்" என்று கத்திய பிறகு ஓடி, சாவி வாங்கி, எடுத்து வந்து, ஏற்றிக் கொடுப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். மேடம் சொல்லும் குழந்தைக்கு அந்த இரண்டு நிமிடம் ஏது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இப்படித்தான் குழந்தை நீலமாகிக்கொண்டிருந்தது. நான் ஸ்கோலினை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கேட்கவில்லை. நான் நீட்டவும் இல்லை. அதற்கு முந்தைய மாதம் கேட்காமல் ஒரு மருந்தை நீட்டியதற்கு, "நான் கேட்டேனா?" என்று எல்லோர் முன்னாலும் ஒருவர் சத்தம் போட்டிருந்தார். கடைசியில் டாக்டராகவே கேட்டார், கொடுத்தேன், குழந்தை பிழைத்தது. ஆனால் ஊசியோடு நின்ற அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பனங்கூடல் | வெள்ளி, அதிகாலை 3.15

சிஸ்டர் எழுதியதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணம், இப்ப இங்கிலாந்தில் மயக்க மருந்து வைத்தியராக இருக்கிறேன். இங்கே எங்கள் எல்லாருக்கும் படிப்பிக்கிற ஒரு கதை இருக்கிறது.

2005 மார்ச் 29. எலேன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். சைனஸுக்கு ஒரு சாதாரண சத்திரசிகிச்சை. மயக்கம் கொடுத்ததும் மாஸ்க் குழாய் பொருந்தவில்லை, நாலு நிமிடத்துக்குள் சாச்சுரேஷன் 40. அனுபவமுள்ள வைத்தியர்கள் உதவிக்கு வந்தார்கள். எல்லாரும் ட்யூப் போடுவதிலேயே நின்றுவிட்டார்கள், திரும்பத் திரும்ப. கழுத்தில் வெட்டி வழி செய்ய வேண்டிய நேரம் கடந்து போனது. பதின்மூன்று நாட்களில் அவர் இறந்துவிட்டார்.

அந்த அறையில் இருந்த தாதிமாருக்கு விளங்கியிருந்தது. ஒருவர் கழுத்தில் வழி செய்யும் ட்ராக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, இருக்கிறது என்று சொல்லியும் இருக்கிறார். ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னொருவர் ஐ.சி.யூ.வில் கட்டில் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னார். வைத்தியர்கள் பார்த்த பார்வையில், தான்தான் மிகைப்படுத்துகிறேனோ என்று போய் ரத்துச் செய்துவிட்டார். எலேனின் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. தங்கள் துறையில் விபத்து நடந்தால் விசாரித்துப் பாடம் படிப்பார்கள், இங்கே ஏன் இல்லை என்று கேட்டுக் கேட்டு, அந்த விசாரணையை நடத்த வைத்தார். 2007 இல் இதற்கென்றே ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

பிறகு வந்த, மூச்சுவழிச் சிக்கல்களைப் பற்றிய நாலாவது தேசியத் தணிக்கை, 2011 இல் வெளியானது. ஒரு வருடத்தில் பிரித்தானியாவில் நடந்த சுமார் 29 லட்சம் பொது மயக்கங்களில் பாரதூரமான மூச்சுவழிச் சிக்கல் 133. இறப்பு 16. அதில் முதல் காரணம், அந்த அண்ணாவின் பிஸ்கட் கதைதான், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போனது. கழுத்தில் ஊசிக் குழாய் குத்திய அவசர முயற்சிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு தோற்றன. அதனால்தான் இங்கே 2015 வழிகாட்டலில் கத்தி, பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் குச்சி), ஆறாம் நம்பர் ட்யூப் என்று எளிமையாக்கினார்கள்.

தங்கச்சி, உங்கள் குழந்தைக்குக் கழுத்தில் வெட்ட வேண்டியிருக்கவில்லை, ஸ்கோலினோடு விட்டது. ஆனால் சிஸ்டர் ஊசியோடு நின்றதும் அந்தத் தாதி செட்டோடு நின்றதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

ஒத்தை_ஆள் | வெள்ளி, மாலை 4.45

எல்லாம் சரி. ஆனால் உங்கள் எல்லோருடைய கதையிலும் உதவிக்கு ஓடி வர ஒருவர் இருக்கிறார். நான் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரே மயக்க டாக்டர். சில நாள் காலையில் ஒரு ஊர், மதியம் இன்னொரு ஊர். பக்கத்துத் தியேட்டரில் சீனியர் கிடையாது, பக்கத்தில் தியேட்டரே கிடையாது.

இங்கிலாந்து வழிகாட்டலை மட்டும் சொல்லாதீர்கள். நம் அகில இந்திய கடினமூச்சுவழிச் சங்கம் 2016 இல் குழந்தைகள், பிரசவம், ஐ.சி.யூ., ட்யூப் எடுப்பது என்று தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது. ட்யூப் போட முயலும் நேரம் முழுக்க மூக்கில் ஆக்சிஜன் ஓட வேண்டும், சாச்சுரேஷன் 95 க்கு மேல் இருந்தால்தான் அடுத்த முயற்சி. எங்கள் மாதிரி இடத்துக்கு அது பொருந்தும்.

என் ஏற்பாடு சொல்கிறேன். குழந்தை அழும்வரை சர்ஜன் தியேட்டரை விட்டுப் போகக் கூடாது, இது என் நிபந்தனை. அவருக்கு லார்சன் குழியைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஐ.வி. போடுவேன். கேஸ் தொடங்கும் முன்னாலேயே எடைக்கு ஏற்ற ஸ்கோலின், அட்ரோபின் அளவை மி.லி. கணக்கில் கொட்டை எழுத்தில் போர்டில் எழுதிவிடுவேன். பதற்றத்தில் எனக்குப் பெருக்கல் வராது. சளி உள்ள குழந்தையை நான் கண்டிப்பாகத் தள்ளுவேன், சின்னமூச்சு மேடம் மன்னிக்கவும். உங்கள் கைக்கு இருக்கும் துணை எனக்கு இல்லை.

சின்னமூச்சு | வெள்ளி, மாலை 6.20

மன்னிக்க என்ன இருக்கிறது? உங்கள் இடத்தில் நானும் தள்ளுவேன். அந்த ஆஸ்திரேலியக்காரர்களே இன்னொரு ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள், மயக்கம் கொடுப்பவரின் அனுபவம் கூடக்கூடச் சிக்கல் குறைகிறது என்று.

பி.ஜி., ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பிறகு குழந்தையை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? மூடிய குரல்வளையை எதிர்த்து இழுத்ததில் நுரையீரலில் நீர் கோக்கலாம். வாலிபப் பையன்களுக்கு அதிகம் வரும், குழந்தைக்கும் வராது என்றில்லை. இளஞ்சிவப்பு நுரை, மூச்சு வாங்கல், ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் நிற்காது.

பாயில்ஸ்_தாத்தா | வெள்ளி, இரவு 8.00

நல்ல கேள்வி. இன்னொன்று: நேற்று ஒரு மாணவன் எனக்குப் போன் செய்து, "சார், மல்லம்பட்டி ஒன்றுதான் இருந்தது, பிறகு எப்படி இப்படி ஆச்சு?" என்றான். வாய்க்குள் பார்த்துப் போடும் அந்தத் தரத்தில் ஒன்று என்றால் எளிது. அதை வகுத்த மல்லம்பட்டி நம் பக்கத்து ஆந்திராக்காரர், குண்டூர்ப் பக்கம். பாஸ்டனில் இருந்துகொண்டு 1985 இல் எழுதிய கட்டுரை. அது ட்யூப் போடுவது கஷ்டமா என்று பார்க்க உதவும். குரல்வளை இறுகுமா என்பதற்கு வாய்க்குள் பார்த்துப் பயனில்லை, மூக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாமாண்டு_பிஜி | சனி, இரவு 11.05

மேடம், நான்கு மணி நேரம் ரிகவரியில் வைத்திருந்தோம். நெஞ்சு சுத்தம், ஆக்சிஜன் இல்லாமலேயே 98. இரவு வார்டில் நானே இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

இன்று ஒரு டான்சில் கேஸ், ஏழு வயதுப் பையன். கடைசியாக எப்போது மூக்கு ஒழுகியது என்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா பையனைப் பார்த்தார், பையன் "நேத்து" என்றான். காய்ச்சல் இல்லை, நெஞ்சு சுத்தம். சீனியரிடம் சொன்னேன். சால்புட்டமால் கொடுத்து எடுத்துக்கொண்டோம், ட்யூபை எடுக்க அவரே வந்து நின்றார். அளவுகளைப் போர்டில் எழுதினேன், ஒத்தை ஆள் சாரைப் போல. வாயுவை நிறுத்திய பிறகு யாரும் தொடக் கூடாது என்றேன். சர்ஜன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு நிமிடம் ஆயிற்று. கண்ணைத் திறந்தான், ட்யூபைப் பிடித்து இழுக்கப் பார்த்தான், எடுத்தேன். அழுதான். எனக்கு கை நடுங்கியது, ஆனால் எடுத்த பிறகுதான்.

எங்கள் தியேட்டர் சிஸ்டரிடம் ஒன்று சொன்னேன்: "80 க்குக் கீழே போனால் நான் கேட்காவிட்டாலும் ஸ்கோலினை என் கையில் வையுங்கள்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் பிரிட்ஜ் சாவியைத் தன் கழுத்துக் கயிற்றிலிருந்து கழற்றிப் பிரிட்ஜிலேயே தொங்கவிட்டார்.

தியேட்டர்_சிஸ்டர் | ஞாயிறு, காலை 7.30

நல்லது டாக்டர். குப்பியை வெளியே தட்டில் வைத்தால் பிளாஸ்டர் ஒட்டி, எடுத்த தேதியை எழுதுங்கள். வெளியில் பதினான்கு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, நம் வெயிலுக்கு நான் ஒரு வாரத்திலேயே தூக்கிப் போட்டுவிடுவேன். சாவியைப் பிரிட்ஜிலேயே தொங்கவிட்டதை இன்சார்ஜிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.